அண்ணன் சொன்ன இரண்டாவது வரி

வாய்க்கால் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரரை அடித்ததாக அண்ணனுக்கு இரண்டு வருடத் தண்டனை விழுந்தது. ஜாமீன் கிடைக்காமல் அவர் சேலம் ஜெயிலில் இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அதனால் தர்மபுரி வக்கீல் வழக்குக் கட்டை என்னிடமே கொடுத்தார்.

மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறி வந்து அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். கோர்ட்டில் அண்ணன் சொன்ன பதில் இரண்டே வரி. "அடிச்சது நெஜங்க. அவரு மம்முட்டிய ஓங்கிக்கிட்டு வந்தாருங்க." தீர்ப்பில் முதல் வரி மட்டும்தான் இருந்தது; மண்வெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தன்னைக் காப்பாத்திக்க அடிச்சாரான்னு ஜட்ஜ் பாத்திருக்கணுமாம். அப்பீல்ல அதைத்தான் கேக்கப் போறாராம் வக்கீலு" என்றேன்.

"அப்ப வந்துருவாருங்களா தம்பி?"

"தெரியலைங்க அண்ணி."

அண்ணி என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு, "அவரு சொன்னத மட்டும் இன்னொரு வாட்டி படிங்க" என்றார்.

படித்தேன்.

"ரேடியோ நியூஸ் மாதிரி படிக்காதீங்க தம்பி. உங்கண்ணன் இழுத்து இழுத்துப் பேசுவாரே, அந்த மாதிரி."

இழுத்துப் படித்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வரியில் என் குரல் அப்படியே அண்ணன் குரலாக வந்தது. அந்த வரியை என்னால் படித்து முடிக்க முடியவில்லை.