முதலில் அரிசி, பிறகு மக்காச்சோளம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேரையாவது எங்கள் அப்பா சந்தேகப்பட்டிருப்பார். அப்படியிருந்தும் அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். அனைவருக்கும் வணக்கம்.

அப்பா ஓடைப்பட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, சின்னமனூரில் பழுதான மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் தொழில் கற்றார். அம்மா காலமான பின் என்னையும் தம்பிகளையும் தனியாக வளர்த்தார். எந்த மெஷினையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார். மனிதர்களைத் திறந்து பார்க்க முடியாததில் அவருக்கு வருத்தம் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்குக் கோதுமை ஆகாது என்று மதுரை டாக்டர் சொன்னார். துளி சேர்ந்தாலும் வயிற்றுப்போக்கில் படுத்துவிடுவேன். ரவை, மைதா, பிஸ்கட் எல்லாமே கோதுமைதான் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா எந்தக் கடையையும் நம்பவில்லை. மக்காச்சோள மாவில் வெண்ணெய், சீனி, முட்டை சேர்த்து அவரே பிஸ்கட் சுட்டார். ஆரம்பத்தில் எடுத்தாலே உதிர்ந்தது. ஸ்பூனால் அள்ளித் தின்றேன்.

மாவு மில்லில்தான் வம்பு. முன்னால் அரைத்தவரின் கோதுமை கல்லில் ஒட்டியிருக்கும் என்று, முதலில் பச்சரிசியை ஓடவிட்டு, அந்த மாவைக் கோழிக்குக் கொட்டிவிட்டுத்தான் மக்காச்சோளத்தைப் போடுவார்.

"எம் மில்லு அம்புட்டு அசிங்கமாண்ணே?" என்று மில்காரர் கோபித்தார்.

"மில்லு சுத்தந்தேன். கல்லு இடுக்குலதேன் சந்தேகம்."

நல்ல மாவைக் கொட்டுகிறாரே, செய்வினை கழிக்கிறாரோ என்று தெருவில் பேச்சு எழுந்தது.

உத்தமபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரிக்குப் பதில் அந்தப் பிஸ்கட்டையே வைத்தார். இன்று நான் அத்தை என்றழைக்கும் என் மாமியார் ஒன்றை முகர்ந்து பார்த்தார்.

"கோழித் தீவன வாசமடிக்கு. கேசரி கிண்டாத வீட்ல ஏதோ மறைக்கிறாக."

"மறைக்கலம்மா. எம் மகளுக்குக் கோதும ஆகாது. தெரிஞ்சு கட்டுறதுன்னா கட்டுங்க."

எழுந்து போனவர்கள் ஒரு மாதம் கழித்துத் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். அப்பாவுக்கு அதுவும் சந்தேகம்தான்.

கல்யாணத்துக்குப் பின் மாதாமாதம் பிஸ்கட் டின்னோடு வருவார். சம்பந்தி வீடு என்றும் பாராமல் நேரே அடுப்படிக்குப் போய் மாவு டப்பாவைத் திறப்பார். "இது எங்கன அரைச்சது?" என்பார். அத்தை டப்பாவைப் பிடுங்கி மூடுவார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாத்திரை அட்டையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான்: "ஆத்தா, இனி ஒனக்காக எங்கன அரைச்சதுன்னு யாரு கேட்டுப் பாப்பாக?"

மருத்துவமனையில் முறை வைத்துக் காவலிருந்த தம்பிகளுக்கும், காரியங்களுக்குத் தோள்கொடுத்த உறவினருக்கும், கோபம் மறந்து மில்லை மூடிவிட்டு மயானம் வரை நடந்த மில்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தைக்கும் நன்றி. பதினாறாம் நாள் அவர் ஒரு டின்னை என் மடியில் வைத்தார். உள்ளே மக்காச்சோள பிஸ்கட். கூடவே ஒரு பொட்டலம்.

"மொத அரிசிய ஓடவிட்டுத்தேன் அரைச்சேன். சந்தேகமாயிருந்தா அந்த அரிசி மாவும் இந்தா இருக்கு, பாரு."

அப்பா இருந்திருந்தால் பொட்டலத்தைப் பிரித்திருப்பார். நான் பிரிக்காமலே சாப்பிட்டேன்.