அஞ்சுக்கு அஞ்சு

என் தங்கை கல்லூரி இரண்டாமாண்டிலேயே மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். அம்மாவின் மறதிதான் காரணம். அங்கே எலிகளைப் புதிர்ப்பாதையில் ஓடவிட்டு அவற்றின் ஞாபகத்தைச் சோதிப்பாள். அவை வழியை மனப்பாடம் செய்துவிடக் கூடாதென்று வாரந்தோறும் பாதையை மாற்றிவைப்பாள்.

அம்மாவையும் ஞாயிறுதோறும் போனில் சோதித்தாள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பாள்.

"அம்மா முன்ன மாதிரி இல்ல, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றேன்.

"அஞ்சுக்கு அஞ்சு சரியா சொல்றாங்க. சும்மா பயமுறுத்தாதண்ணா" என்று என் வாயை அடைத்தாள் அந்த மேதாவி.

பரீட்சை முடிந்து வந்தாள். கதவைத் திறந்த அம்மா, "யாரும்மா வேணும்?" என்றாள்.

"அம்மா, நான்தாம்மா!"

அந்தக் குரல் மட்டும் அம்மாவுக்குப் பிடிபட்டது. உடனே கைகட்டி ஒப்பித்தாள்: "சாவி, குடை, ஆரஞ்சு, பாலம், நாற்காலி."

எலிக்கு வாரந்தோறும் பாதையை மாற்றியவள், அம்மாவுக்கு ஆறு மாதமாக ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.