பாலத்தில் நின்ற ஆள்

"கதை என்னங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நான் தடித்தடியான நாவல்களைப் படிக்கிறவள். ஒரு வாக்கியம் பக்கம் பக்கமாக ஓடும், பேசுவது யாரென்று பிடிபடாது, பாதிப் புத்தகம் தாண்டியும் ஒருவன் காபியைக் குடித்து முடித்திருக்க மாட்டான். அந்த மாதிரி நாவல்கள். தலை வலிக்கும், கட்டில்மேல் விட்டெறிவேன், மறுநாள் நானே போய் எடுத்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு திமிரும் உண்டு. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஒருமுறை எட்டிப்பார்த்து, "அப்புறம் என்னதாங்க ஆவுது மேடம்?" என்றார். "அதெல்லாம் தெரியணும்னா சீரியல் பாருங்க சார்" என்றேன். மனுஷன் அதற்குப் பிறகு என் பக்கமே திரும்பவில்லை.

அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று நானே அடித்துக்கொள்ளும்படி ஆனது அக்காவுக்குக் கட்டி வந்தபோதுதான்.

அக்கா தர்மபுரிக்குப் பக்கத்தில் இண்டூரில் இருக்கிறாள். மாரில் ஒரு கட்டி, வலியில்லை என்று யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறாள். தெரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நான் இருக்கும் தர்மபுரிக்கு இழுத்துவந்து டாக்டரிடம் காட்டினேன். சதையைக் கொஞ்சம் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினார்கள். "ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுங்க" என்றார் நர்ஸம்மா. மாடுகளைப் பார்த்துக்கொள்ள மாமா ஊரில் இருந்துவிட்டார். அக்கா என் வீட்டில் தங்கினாள்.

டிவியைப் போட்டால் சீரியலில் எவளோ ஒருத்தி ஸ்கேன் எடுக்கப் போகிறாள். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது முறத்தில் அவரைக்காயைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எப்பப் பாத்தாலும் மூஞ்சியில வெச்சிக்கிட்டு இருப்பியே, அந்தப் புக்க சத்தமா படி. காதுல ஏதாவது வுழுந்துகிட்டே இருக்கட்டும்" என்றாள்.

அப்போது நான் பாதியில் மாட்டிக்கொண்டு கிடந்த நாவல் ஒன்று இருந்தது. ஒரு ஆள் டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். ஊருக்கு வெளியே ஒரு பாலம். அதைத் தாண்டினால் வீடு. அவன் பாலத்தில் நின்றுவிடுகிறான். அவ்வளவுதான் நாவல். மிச்சமெல்லாம் அவன் மனசில் ஓடுவது. முதலிலிருந்து படித்தேன்.

"இன்னும் அங்கியேவா நிக்கறான்?" என்றாள் அக்கா இரண்டாம் நாள்.

"ஆமாக்கா."

"காலு வலிக்காதா அந்தப் பாவிக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

ஒரு வாரம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், "இன்னும் வரலைங்க, நாளைக்குப் பாருங்க." மறுநாளும் அதே "நாளைக்கு"தான். இதற்குள் புத்தகத்தில் கொஞ்சம் பக்கங்கள்தான் மிச்சம். அன்றைக்கே முடித்துவிடலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ரிசல்ட் வர்றதுக்குள்ள முடிச்சிடாத புள்ள. கடைசியில அவன் செத்துகித்துப் போயிட்டான்னா எனக்குத் தாங்காது."

திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனேன். அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது. "இது படிச்சதுதானே. பரவால்ல, படி" என்று காயை உரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்படி இரண்டாவது தடவை வாய்விட்டுப் படிக்கும்போதுதான் அந்த மருந்துப் பாட்டில் கண்ணில் பட்டது. நீளமான ஒரு வாக்கியத்தின் நடுவில், அவன் சட்டைப்பையில் ஒரு மருந்துப் பாட்டில் இருக்கிறது என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது. முதல் தடவை அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன். வீட்டில் அவன் பெண்டாட்டி சீக்காகப் படுத்திருக்கிறாள். அவளுக்கு மருந்து வாங்கத்தான் டவுனுக்குப் போயிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. வருவதற்கு நேரமாகிவிட்டது. பாலத்தைத் தாண்டினால் தெரிந்துவிடும். தாண்டாதவரை அவள் உயிரோடு இருக்கிறாள். நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "என்னாடி?" என்றாள் அக்கா. "தூசி" என்று சொல்லிவிட்டு மேலே படித்தேன். காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு அடிக்கப் பயந்துகொண்டு, நானும் அதே பாலத்தில்தானே நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள். போனில் எதுவும் சொல்லவில்லை, நேரில் வரச் சொன்னார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமே இல்லீங்க. கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டிதான், மெதுவா எடுத்துக்கலாம்" என்றார். அக்கா கும்பிட்டாள். அப்பாடா என்ற சொல்லை அதுவரை நான் சும்மாதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து முடித்ததும், "அந்தப் புக்க எடு" என்றாள். காரிமங்கலம், நல்லம்பள்ளி என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருக்க, பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களைப் படித்தேன். அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறான். ஒரு காலைத் தூக்குகிறான். புத்தகம் முடிந்துவிட்டது.

"அப்புறம்?"

"அவ்ளோதான்க்கா."

"இத்தன நாளு நிக்க வெச்சிட்டு, எழுதனவனுக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?" அக்காவுக்கு நிஜமாகவே கோபம். "வூட்டுக்குப் போனானா இல்லியா?"

சொல்லாமல் விடுவதுதான் இலக்கியம் என்று எத்தனையோ பேரிடம் சண்டை பிடித்தவள் நான்.

"போயிட்டான்க்கா" என்றேன்.

"அதுல அப்படி எழுதல்லியே."

"எழுதலைன்னா என்ன, நான் சொல்றேன். போயிட்டான்."

"வூட்டுல அவன் பொண்டாட்டி?"

"நல்லாத்தான் இருக்கா. ஏன் இவ்ளோ நேரம்னு திட்டுறா."

இண்டூர் பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "வூட்டுக்குப் போயி போன் பண்றேன்டி" என்றாள். பஸ் திரும்பிப் போனது. நான் அத்தனை ஜனத்துக்கு நடுவில் புத்தகத்தை மாரோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.