காதர் பாய் வேண்டாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

கறி கட்டிய தேக்கிலையை வீட்டில் வந்து பிரிக்கும்போது ஈரமும் பச்சையுமாக ஒரு வாசம் எழும், மழை ஓய்ந்த சிறுமலை அடிவாரத்தைத் தூரத்திலிருந்து முகர்வதுபோல. இலை கசங்கிய இடத்தைத் தொட்டால் விரல் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு கறியுடையதா இலையுடையதா என்று எனக்கு அப்போது விளங்கியதே இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வாசத்தில்தான் விடிந்தன.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக்குப் பெயர் 'பெரிய கறி'. அப்பா கிறிஸ்தவர். அம்மா அகரம் கிராமத்தில் வெண்டையும் கத்தரியும் பயிரிடும் இந்துக் குடும்பத்துப் பெண். அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு வரும்வரை பெரிய கறியைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. "அகரத்துக்காரிக்குப் பெரிய கறி வாங்கத் தெரியுமா, வைக்கத் தெரியுமா?" என்று கல்யாணத்தன்றே கேட்டுவிட்டுப் போன அப்பாவின் அக்கா, சேவுகம்பட்டி ரோசி அத்தை, அதற்குப் பிறகு பத்து வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்தக் கேள்வியை அம்மா மறக்கவில்லை என்பது அவள் கறி வாங்கும் விதத்தில் தெரியும். பேகம்பூர்ப் பக்கம் காதர் பாய் கடை. சந்தைக்குத் தானே போய் மாடு பார்த்துப் பிடித்து வருகிறவர் என்று ஊரில் அவருக்குப் பேர். தொங்கும் தொடைக்கு முன்னால் அம்மா வெகுநேரம் நிற்பாள், கொழுப்பின் நிறம் பார்ப்பாள், விரலால் அழுத்திப் பார்ப்பாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மரக்கட்டையில் கத்தி விழும் ஓசையைக் கேட்டபடி பாதித் தூக்கத்தில் நிற்பேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது மாதா கோயிலில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்குக்கு, நாள் குறித்தார்கள். அப்பா சேவுகம்பட்டிக்குப் போய் அக்காவை அழைத்துவிட்டு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அத்தை சொன்னதைச் சொன்னார்: "பிள்ளைக்காக வாரேன். கைய நனச்சுட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன்." அன்றிலிருந்து மூன்று வாரம், போகும்போதெல்லாம் அம்மா காதர் பாயிடம் சொல்லிவைத்தாள், விசேஷத்துக்கு இளங்கறியாக வேண்டும் என்று.

அந்த ஞாயிறு விடியற்காலையில் பனி இறங்கிக் கிடந்த தெருவில் நாங்கள் போய் நின்றபோது, கடையில் கறி தொங்கிக்கொண்டிருந்தது, ஆட்களும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னைக்கு வேணாம் தங்கச்சி. நல்ல உருப்படி சந்தைக்கே வரல. இது ஏர் ஓட்டி ஓஞ்ச மாடு, வேகாது. கோழி எடுத்துக்க."

"மத்தவங்களுக்குக் குடுக்குறீங்கள்ல, பாய்?"

"அவுகளுக்கும் சொல்லித்தான் குடுக்கேன். ஒனக்கு விசேஷம்ல."

அம்மாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். கறியைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்று இவரும் நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, என் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். நாலு கடை தள்ளி இன்னொருவர், கேட்ட எடைக்கு மேல் இரண்டு துண்டு போட்டு, செக்கச்செவேலென்ற கறியைச் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். அதுவும் அதே சந்தையிலிருந்து வந்ததுதான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பூசை முடிந்து பத்து மணிக்கு, கொல்லையில் மூன்று கல் கூட்டிப் பெரிய அண்டாவை ஏற்றினார்கள். பன்னிரண்டுக்கு வேகவில்லை. ஒரு மணிக்கும் வேகவில்லை. வந்திருந்த முப்பது பேரும் வேப்பமரத்து நிழலில் பாயை விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். நான் வெள்ளைக் கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக ஒரு சாக்கில் உட்கார்ந்து, பசி மயக்கத்தில், புகைக்குள் அம்மா தோன்றுவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள், கேட்டால் புகை என்றிருப்பாள்.

அப்போதுதான் ரோசி அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கரண்டியில் ஒரு துண்டை எடுத்து ஊதி, மென்று, துப்பினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வாங்குன?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். காதர் பாய் வேண்டாம் என்றதை, அந்தக் கோபத்தில் வேறு கடைக்குப் போனதை, ஒன்று விடாமல்.

அத்தை கரண்டியை அண்டாவின் விளிம்பில் வைத்தாள். பிறகு, "வேணாம்னு சொன்னாரா? அப்ப அந்தாளுகிட்டதான் வாங்கணும்" என்றாள். என் பக்கம் திரும்பி, "ஏத்தா, பக்கத்துல பப்பாளி மரம் இருக்கா? ஒரு காய் பறிச்சுட்டு வா, போட்டா கறி வெந்துரும்" என்றாள். கவுனில் பால் சொட்டச் சொட்ட நான் கொண்டுவந்த காயைச் சீவி அண்டாவில் போட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு மணி பஸ் போயிற்று. மூன்று மணி பஸ்ஸும் போயிற்று. மாற்றி மாற்றி விறகு தள்ளியபடி அத்தை பேசிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கல்யாணமான புதுசுல இப்படித்தான் ஒரு கறி. எங்க வீட்டுக்காரரு பொழுதுக்கும் மென்னாரு, ஒரு வார்த்த சொல்லல. நான் போய் மாட்டுக் கொட்டத்துல ஒக்காந்து அழுதேன்." அம்மா சிரித்தாள். அதற்கு முன் அவள் 'மதினி' என்று வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் எத்தனையோ தடவை புகைக்குள்ளிருந்து வந்தது.

நாலு மணிக்குச் சாப்பிட்டோம். நார் நாராகப் பிரிந்த கறியை யாரும் குறை சொல்லவில்லை. அத்தை மறுநாள் காலையில்தான் ஊருக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு அம்மா காதர் பாய் கடைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வெந்துச்சா?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, கேட்காமலே தொடையில் அறுத்து இலையில் வைத்தார்.

இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட, குளிரூட்டிய கறிக்கடை இருக்கிறது. போனில் சொன்னால் எலும்பு தனி, கொழுப்பு தனியாகப் பிரித்து, மூடிய தட்டில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. கறி நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவே சொல்கிறாள். இன்றைக்கு வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. ரோசி அத்தையும் இல்லை. போன மாதம் என் மகளின் புதுநன்மைக்கு அந்தக் கடையில்தான் எடுத்தோம். குக்கரில் ஐந்து விசிலில் பஞ்சாக வெந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி, ஒன்றரை மணிக்குள் கிளம்பிப் போய்விட்டார்கள்.