மேட்டுக்குப் போக ஒரு ட்ரெயிலர்

ஹார்லன் டாக்கெட் முப்பத்தோரு வருஷம் மாவட்டத்துச் சரளைச் சாலைகளில், தரையைச் செதுக்கிச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டியவர். மேடு, பள்ளம், வளைவு எதையும் கண்ணாலேயே அளந்துவிடுவார். அளவு நாடாவைக் கையில் எடுப்பவனைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஓசார்க் மலைப் பக்கத்தில் இந்தத் திமிர் பிடித்த ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்க ஒரு ட்ரெயிலர் வாங்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார் என்றால், காரியம் சின்னதல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

காரியம் அவர் மனைவி நெல்டாவுடையது. முப்பத்தெட்டு வருஷமாக நவம்பர் மான் வேட்டையின் முதல் நாளை அவள் தவறவிட்டதே இல்லை. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டைக்குப் பொத்தான் போட முடியாமல் திறந்துவிட்டுக்கொண்டு போனவள். குறி பார்ப்பதில் புருஷனைவிட அவள்தான் சுத்தம். இது ஊருக்கே தெரியும். ஹார்லன் மட்டும் தான் தவறவிட்ட மானுக்கெல்லாம் காற்றின் மேல் பழி போடுவார்.

ஜூலையில் நெல்டாவுக்கு ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அவர்களுடைய நாற்பது ஏக்கர் காட்டின் கோடியில், மேட்டின் உச்சியில், ஓக் மரத்தில் சாத்திய இருபதடி ஏணிப் பரண்தான் அவளுடைய இடம். ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிரவே ஹார்லன் பென்சிலை எடுத்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் கொட்டகையில், உள்ளே உட்கார்ந்தபடியே மானைச் சுட ஒரு பலகைக் கூண்டு தயார். ஆறடிக்கு ஆறடி, நாலு பக்கமும் ஜன்னல், அகலமான கதவு, தரையில் கம்பளம், ஒரு காஸ் அடுப்பு. எங்கள் தேவாலயத்துப் போதகரின் அறைகூட அவ்வளவு வசதியாக இருக்காது. மேட்டில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், வேட்டை நாள் விடியுமுன் நெல்டாவை டிரக்கில் ஏற்றிக்கொண்டுபோய்க் கூண்டு வாசலிலேயே இறக்கிவிடலாம். கொண்டுபோவதற்குத்தான் ட்ரெயிலர்.

"நாலு துண்டாக் கழட்டி எடுத்துட்டுப் போயி மேல வச்சுப் பூட்டக்கூடாதா?" என்று நெல்டா கேட்டாள்.

"ஆணி அடிச்சு, பசை போட்டு, ஒரே கட்டா நிக்குது. அதைப் போயிக் கழட்டுறதா?"

"ஒரு மடக்கு நாற்காலி போதுமே எனக்கு."

"நவம்பர் குளிர்ல, புது இடுப்போட, மடக்கு நாற்காலி! நல்லா இருக்கு நியாயம்."

பிறகு ட்ரெயிலர் தேடும் படலம் தொடங்கியது. நெல்டாவின் தம்பி வெண்டல் கூடவே அலைந்தான். ஒற்றை அச்சு என்றால் லேசு, கையாலேயே தள்ளித் திருப்பலாம். ஆனால் அந்த அகலத்துக்குள் கூண்டு அடங்காது. கம்பி வலைத் தளம் என்றால் சேறு தங்காது. ஆனால் கால் இடறும். பின்பக்கக் கதவு சாய்தளமாக இறங்கும் வகை என்றால் ஏற்ற இறக்கச் சுகம். ஆனால் காட்டு வழியில் குறுக்கிடும் ஓடையில் இறங்கும்போது தரையில் உரசும். ஹார்லன் ஒவ்வொரு கடை முற்றத்திலும் ஒவ்வொரு ட்ரெயிலரின் கீழும் படுத்துப் பார்த்தார். வாங்காமல் எழுந்து வந்தார்.

"மச்சான், ரெட்டை அச்சா வாங்கித் தொலை," என்றான் வெண்டல். "ஒத்தை அச்சுல டயர் வெடிச்சா நடுக்காட்டுல உக்காந்துக்கிட்டு யாரைக் கூப்பிடுவே? என்னைத்தானே?"

"உன்னைக் கூப்பிட்டா நீ எந்த ஜென்மத்துல வரப்போறே?"

"அப்ப கல்யாணப் பொண்ணு பார்க்குற மாதிரி பார்த்துக்கிட்டே இரு. பனி விழுந்துரும்."

இதற்கிடையே நெல்டாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் அரை மணி நேரம் மேடுபள்ளமான தரையில் நடக்கச் சொல்லியிருந்தாள். வழவழப்பான தரையில் நடந்தால் இடுப்பு உறுதியாகாதாம். செப்டம்பர் மூன்றாம் தேதி நெல்டா கைத்தடியை எடுத்துக்கொண்டு புல்வெளி வாசலைத் திறந்தாள்.

"எங்க கெளம்பிட்டே?" ஹார்லன் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார்.

"ஓடை வரைக்கும் நடந்துட்டு வந்துடறேன்."

"இப்பவா? செப்டம்பர் பொறந்தாச்சு நெல்டா! உன் வாடை அங்க பத்து நாளு நிக்கும். நீ சுடப்போற மானை நீயே விரட்டுவியா?"

"அப்ப எங்கதான் நடக்கச் சொல்றே?"

"கோழிக்கூண்டைச் சுத்தி நட."

எங்கள் பக்கத்தில் இதில் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் பிறந்தால் வேட்டைக்காட்டுக்குள் காலடி வைப்பதில்லை. மான் மோப்பம் பிடித்தால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். சட்டையைக்கூட வாசனை இல்லாத சோப்பில் துவைக்கிற ஜனங்கள் நாங்கள். நெல்டாவுக்கும் இது தெரியாததல்ல. வாசலைச் சாத்திவிட்டுக் கோழிக்கூண்டைச் சுற்றி நடந்தாள். அங்கே தரை கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. ஹார்லன்தான் கிரேடர் ஓட்டிச் சமப்படுத்தியிருந்தார்.

அக்டோபர் கடைசியில் ஒருவழியாக மனம் இறங்கினார். ஏழடி அகலம், பதினான்கடி நீளம், இரட்டை அச்சு, பலகைத் தளம். இரண்டு மாதம் அளந்து பேசிய மனுஷன், தளத்தின் அகலத்தைக் கேட்டாரே தவிர, பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் மட்கார்டுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கடைக்காரர் நல்ல மனுஷர்.

"காட்டு வழி எவ்வளவு அகலம் அண்ணே?"

"எட்டடி தாராளமா இருக்கும். சின்ன வயசுலேருந்து பார்த்த வழி."

"எதுக்கும் நேர்ல போயி ஒரு தடவை அளந்துட்டு..."

ஹார்லன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சீசனுக்கு மூணு வாரம்கூட இல்ல. இப்பப் போயி டேப்பைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள நுழையச் சொல்றியா?"

கடைக்காரரும் வேட்டைக்காரர்தான். முகம் சிவந்துபோனது. "தப்புதான் அண்ணே, தெரியாமச் சொல்லிட்டேன்," என்று மன்னிப்பே கேட்டுவிட்டார்.

வாங்கியாயிற்று. இனி மழை வர வேண்டும். மழையில் போனால்தான் டிரக் வாடையும் ஆள் வாடையும் கழுவிக்கொண்டு போகும். வானமோ கல் மாதிரி கிடந்தது. ஹார்லன் தினம் மூன்று தடவை வெளியே வந்து அதைத் திட்டினார். கடைசியில் வேட்டைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலையில் மழை கொட்டியது. கூண்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஹார்லனும் வெண்டலும் கிளம்பினார்கள்.

ஓடைக்கு மேலே இரண்டு வெள்ளை ஓக் மரங்களுக்கு நடுவே வழி வளைகிறது. டிரக் அலுங்காமல் போய்விட்டது. ட்ரெயிலர் வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து, இடப்பக்க மட்கார்டை மரத்தில் மடாரென்று இடித்தது. ஹார்லன் பின்னால் எடுத்தார். இரட்டை அச்சு திரும்புமா? சேற்றில் வழுக்கி, வலப்பக்க மட்கார்டு அடுத்த மரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. ஆத்திரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தார். டிரக்கின் பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் புதைந்தன.

வெண்டல் இறங்கினான். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தான்.

"அதை உள்ள வை!"

"மட்கார்டோட எட்டரை அடி மச்சான். மரத்துக்கு மரம் எட்டடி ரெண்டங்குலம்."

"எல்லாம் முடிஞ்சப்புறம் அளக்குறான் பாரு!"

"ஒரு மரத்தை வெட்டிட்டா..."

"நாளைக்கு வேட்டை, இன்னைக்கு ரம்பமா? இந்தப் பள்ளத்தாக்குல ஒரு மான் நிக்காது. பக்கத்துக் காட்டுக்காரன் என்னைத்தான் சுடுவான்."

நாலு மணி நேரம் ஜாக்கி வைத்தார்கள், பலகை போட்டார்கள், சங்கிலி கட்டி இழுத்தார்கள்; எதுவும் அசையவில்லை. ஹார்லன் ட்ரெயிலரைத் திட்டினார், கடைக்காரரைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், வெண்டலின் பரம்பரையைத் திட்டினார். அது நெல்டாவின் பரம்பரையும்தான் என்பது அவள் வந்து நின்றபிறகுதான் நினைவுக்கு வந்தது.

சத்தம் கேட்டுப் புல்வெளியைத் தாண்டி, தடியை ஊன்றி ஊன்றி அவள் வந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஓடைக் கரையில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று ட்ரெயிலரைப் பார்த்தாள்.

"அளக்கலையா?"

"உன் மானைக் கலைக்கக் கூடாதுன்னுதான் உள்ளயே வரல."

நெல்டா மரத்திலிருந்து கையை எடுத்து, தடியை ஊன்றி நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டரை மாசமாக் கோழிக்கூண்டைச் சுத்தினேன் ஹார்லன். கோழியே என்னைப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. இதோ, வீட்டுலேருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு இடத்துல நின்னேன். தெனம் இந்த வழியில நடந்திருந்தா இன்னைக்கு அந்த மேட்டுக்கு நானே ஏறிப் போவேன். பெட்டியும் வேணாம், வண்டியும் வேணாம்."

"உனக்காகத்தானே..."

"எனக்காகன்னு சொல்லாதே. மானுக்காகன்னு சொல்லு. நான் ஒப்புக்கறேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினான். ஹார்லன் டயரை எட்டி உதைத்தார். கால்விரல்தான் வலித்தது.

"நாளைக்கு நான் நடந்து போறேன்," என்றாள் நெல்டா. "என்ன நேரம் ஆனாலும் சரி."

மறுநாள் விடிய இரண்டரை மணி நேரம் இருக்கும்போதே கிளம்பினார்கள். நெல்டா தடியோடு முன்னால். நாற்காலி, போர்வை, துப்பாக்கிகள், காப்பிக் குடுவையோடு ஹார்லன் பின்னால். ஓக் மரங்களிடம் வந்தபோது ட்ரெயிலரைச் சுற்றி முள்ளுக்குள் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. அதற்கு மேல் கால் மைல் ஏற்றம். பத்தடிக்கு ஒருமுறை அவள் நின்றாள். பாதி வழியில் தடியை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் விரல்கள் அவர் சட்டையை இறுக்கின. வலியில் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. செப்டம்பர், அக்டோபர், பாதி நவம்பர் என்று ஹார்லன் மனசுக்குள் நாட்களைக் கூட்டிப் பார்த்தார். இந்த முறை பழி போடக் காற்றுகூட இல்லை.

மேட்டு உச்சியை அடைந்தபோது கிழக்கே சாம்பல் நிறம் கண்டிருந்தது. அவர் நாற்காலியை விரித்தார். நெல்டா அதில் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு, துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

தப்பு என்னுடையதுதான், என்னை மன்னித்துவிடு என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அப்படி ஒரு தடவையும் சொன்னதில்லை. தொண்டையைச் செருமினார்.

நெல்டா திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தாள். வேட்டையில் உட்கார்ந்தபிறகு வாய் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டியே வளர்த்தவர் ஹார்லன். வாயை மூடிக்கொண்டார். வெளிச்சம் போக இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.