அல்லி கிழித்த அட்டவணை

கோட்டுச்சேரிமேட்டில் அல்லியின் வீட்டில் கடிகாரமே கிடையாது. ஆனாலும் எட்டாம் வகுப்பு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட படிப்பு அட்டவணையை அட்சரம் பிசகாமல் எழுதிவந்து, சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டினாள். காலை ஆறு முதல் ஏழு வரை கணக்கு.

ஆறு மணிக்கு மீனவர் வீட்டில் எவள் உட்கார்ந்து கணக்குப் போடுவாள்? அப்போதுதான் அப்பா தங்கப்பனின் கட்டுமரம் கரையேறும். மீனைத் தரம் பிரித்து அம்மாவின் கூடையை நிரப்ப வேண்டும். மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைக்க வேண்டும். அப்புறம் பள்ளிக்கு ஓடத்தான் நேரம் சரியாக இருக்கும். விட்ட கணக்கை மாலையில் போடலாமா? ஐயோ கூடாது, அது வரலாற்று நேரமாயிற்றே! இப்படியே கணக்கு அம்போவென்று நின்றது. ஐம்பத்தாறாம் வருஷ அரைப் பரீட்சையில் எட்டே மார்க்.

"முழுப் பரீட்சையிலயும் கோட்டை விட்டா படிப்பு போதும் புள்ள. அம்மாவோட கூடையத் தூக்கு" என்று சொல்லிவிட்டார் அப்பா.

அல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடத் தன்மேலேயே கோபம் வந்தது. கடல் என்ன மணி பார்த்தா நடக்கிறது? அட்டவணையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். அதில் மணியே இல்லை. உலை கொதிக்கும் வரை வாய்ப்பாடு. கருவாட்டுக்குக் காக்கை விரட்டும்போது மணலில் குச்சியால் கணக்கு. பள்ளிக்கு நடக்கையில் வரலாறு. தவறிப்போன பாடத்துக்குக் கதவில் ஒரு கரிக்கோடு. படித்து முடித்தால்தான் அழிக்கலாம்.

முதல் வாரம் பதினோரு கோடு. "காக்காவுக்குப் பாடம் நடத்துறா பாரு!" என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே! பங்குனியில் கதவில் ஒரு கோடுகூட இல்லை.

முழுப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு. வகுப்பிலேயே முதல் மார்க்! அல்லி கால் தரையில் பாவாமல் கடற்கரைக்கு ஓடினாள். அன்று காற்று சரியில்லாததால் கட்டுமரம் அப்போதுதான் கரையேறியிருந்தது.

"அப்பா, தொண்ணூத்திரண்டு!"

சும்மா சொல்லக் கூடாது, அலைச்சத்தத்தையும் மீறி அந்தக் கரை முழுக்கக் கேட்டது. தங்கப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கடல்நீரா கண்ணீரா என்று அல்லி கேட்கவில்லை. சந்தோஷத்தோடு மீனை அள்ளக் குனிந்தாள்.

"அத வை. இனிமே மீன நான் பிரிச்சுக்கறேன். ஒம்பதாவதுக்கு அட்டவணை எழுதணுமில்ல, போ புள்ள."

அன்று மாலையே எழுதிவிட்டாள். முதல் வரி: கட்டுமரம் கரையேறும் நேரம், கணக்கு.