சைரன் அக்கா பரீட்சை எழுதிய அறை

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் சைரன் அக்கா. பதினோரு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். ஸ்டியரிங் பிடித்தது போதும், பின்னால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற ஆசை நாற்பத்திரண்டு வயதில் வந்தது. அவசர சிகிச்சைப் படிப்பில் சேர்ந்து, ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே வண்டியிலேயே படித்தாள்.

பரீட்சை கம்ப்யூட்டரில், வீட்டிலிருந்தே எழுதலாம். எங்கோ இருக்கும் கண்காணிப்பாளர் இரண்டு மணி நேரமும் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு ஆள் கூடாது, பேச்சுக்குரல் கேட்கக் கூடாது.

அவள் வீடோ வெல்டிங் பட்டறையின் மேல்மாடி. பரீட்சையன்று புருஷன் பட்டறையைப் பூட்டி, பிள்ளைகளையும் வெளியே கூட்டிப்போனான். இருபதாவது கேள்வியில், "என்னடி, வீடே சத்தமில்லாம கெடக்கு, உடம்புக்கு ஏதாவதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பரீட்சை ரத்து. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, பன்னிரண்டு நாளில்.

புருஷன் கொதித்தான். "விடுங்க, நல்ல மனசோடதானே வந்தா" என்று அவனை அடக்கிவிட்டு, மறுநாளே இடம் தேடக் கிளம்பினாள். நூலகத்தில் மேஜைக்கு நாலு பேர். தங்கை வீட்டில் வளர்ப்புக் கிளிக்கு வாய் ஓயாது. ஆம்புலன்ஸுக்குள் எழுதலாமா என்று பரீட்சை நடத்துகிறவர்களிடம் கேட்டதற்கு, வண்டி கூடாது என்று பதில் வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்பவரிடம் போய் நின்றாள். வெளிச்சத்தம் எட்டிக்கூடப் பார்க்காத அறை அவருடையது.

"ஞாயித்துக்கிழமை உங்க ரூம் வேணும் சார்."

"ஏம்மா, காதுல கோளாறா?"

"என் காது நல்லாத்தான் இருக்கு. ஊர் வாயைத்தான் மூட முடியல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பரீட்சை விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மேலிடத்தில் அனுமதி வாங்கிச் சாவியைத் தந்தார். உள்ளே இன்டர்நெட் எடுக்காது என்றதும், கடையில் நீளக் கேபிள் வாங்கி, பரிசோதனை ஹெட்போன் ஒயருக்காகச் சுவரில் விட்டிருந்த துளை வழியே அவளே இழுத்துவிட்டாள். மூன்று நாள் போய் ஒத்திகையும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காணிப்பாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். "சுவர்ல என்னங்க மெத்தை மாதிரி?"

"சத்தத்தைக் குடிக்கிற சுவருங்க. தட்டிக் காட்டட்டுமா?"

ஓங்கிக் குத்தினாள். சத்தமே இல்லை.

"போதும்மா, ஆரம்பிங்க."

எண்பத்தேழு மதிப்பெண். அடுத்த மாதம் வேறொருவர் ஓட்ட, அவள் பின்னால் ஏறினாள். முதல் நோயாளி மூச்சுத் திணறிய ஒரு லாரிக்காரர். ஆக்சிஜனை மாட்டி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குரல் கொடுத்தாள்: "பள்ளம் பாத்துப் போங்கண்ணே. நாடி இப்பதான் சீராகுது."